புதன்கிழமைக்கு என்ன விரதம்?

புதன்கிழமை. மதியம் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. கல்லூரி கேட்டைத் தாண்டியதும் நான் முதலில் பார்த்தது ஒரு குடிநீர்க் குழாயை.

குழாயில் ஒரு பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் குவித்து, தலை நிமிராமல். டிபன் பாக்ஸ் கழுவ ஒருத்தி வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். பிறகு இன்னொருத்தி. இவள் நிமிரவில்லை. ஒருவழியாக நிமிர்ந்து, துப்பட்டா நுனியால் வாயைத் துடைத்து, என்னைப் பார்த்து, "வணக்கம் மேம்" என்றாள்.

மாரீஸ்வரி. என் வகுப்பு மாணவி. மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்.

"சாப்ட்டாச்சா?"

"இன்னைக்கு விரதம் மேம்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நல்லது! இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அந்த ஒரு வார்த்தையை இன்னும் மென்று கொண்டிருக்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — இருபத்தாறு வருடம் செய்தித்தாள் டெஸ்க்கில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதைத் திருத்திப் பிழைத்தவள் நான். இப்போது புதன்கிழமைதோறும் இராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் ஒரு கல்லூரியில் இறங்கி, பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு இதழியல் எடுக்கிறேன். விருப்பப் பாடம். விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள்.

அதற்கு முந்தைய வாரம் வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். ஒரு வாரம் நீங்கள் சாப்பிட்டதை எழுதுங்கள். என்ன, எப்போது, எங்கே, யாரோடு — அவ்வளவுதான். ருசி, மணம், அம்மாவின் கைப்பக்குவம் எதுவும் வேண்டாம். நடந்ததை மட்டும்.

ஏன் சாப்பாடு? எல்லாரும் தினமும் தவறாமல் செய்கிற காரியம், எழுத ஆளுக்கு ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன்...

ஒரு வாக்குறுதியும் கொடுத்தேன். "வகுப்புல வாசிப்பேன். ஆனா பேர் சொல்ல மாட்டேன்."

ஒன்றரை மணிக்கு வகுப்பு. நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். கலகலப்பாகத்தான் இருந்தது. ஒரு மாணவன் வாரம் முழுக்க மதியத்துக்கு முட்டை பப்ஸ் சாப்பிட்டிருந்தான். அந்த நோட்டில் இருந்த ஒரே காய்கறி, பப்ஸுக்குள் இருந்த வெங்காயம்.

இன்னொருத்தன் எழுதியிருந்தது: நான்கு பேர் சேர்ந்து கேன்டீனில் இரண்டு பரோட்டா வாங்கி, சால்னாவை மட்டும் நான்கு முறை கேட்டு வாங்கினார்களாம். கேன்டீன் அக்கா சொன்னதை அப்படியே மேற்கோளாகப் போட்டிருந்தான். "ஏலே, பரோட்டாவுக்கு சால்னா வாங்குறியளா, சால்னாவுக்கு பரோட்டா வாங்குறியளா?" நல்ல நிருபராக வருவான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி. வீட்டில் ஏதோ விசேஷம் முடிந்து பால்கோவா மிஞ்சியிருக்கிறது. மூன்று நாள் காலைச் சாப்பாடு அதுதான். 'யாரோடு' என்ற கட்டத்தில் மூன்று நாளும் 'எறும்போடு' என்று எழுதியிருந்தாள்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

அடுத்து கையில் வந்தது மாரீஸ்வரியின் நோட்டு. சும்மா சொல்லக் கூடாது... டெஸ்க் பாஷையில் 'காப்பி' என்போமே, செய்திப் பிரதி — வகுப்பிலேயே சுத்தமான காப்பி அதுதான். ஒரு உரிச்சொல் கிடையாது. திங்கள்: காலை 5.50, டீ, வீட்டில், அம்மாவோடு. மதியம், விரதம். இரவு 8.10, சோறு, ரசம், வீட்டில், அம்மா, தம்பியோடு.

செவ்வாய்: காலை டீ. மதியம், விரதம். இரவு, சோறு, ரசம்.

புதன்: காலை டீ. மதியம், விரதம்.

இங்கேதான் எனக்குள் இருந்த டெஸ்க் ஆள் விழித்துக்கொண்டாள். இருபத்தாறு வருடப் பழக்கம். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா, பெயரும் ஊரும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டது. திங்கள் சிவனுக்கு. செவ்வாய் முருகனுக்கு. வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. சரி. புதன்?

நோட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். மூன்றாவது பெஞ்சைப் பார்த்தேன்.

"மாரீஸ்வரி, எல்லாம் சரி... புதன்கிழமைக்கு எந்தச் சாமிம்மா?"

அவள் எழுந்து நின்றாள்.

"புதன்... எல்லாச் சாமிக்கும் பொது மேம்."

அப்போது எழுந்த சிரிப்பு பக்கத்து வகுப்புக்குக் கேட்டிருக்கும். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "ஏட்டி, எனக்கும் சேத்து இருந்துரு, ரெண்டு அரியர் கெடக்கு" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு. மாரீஸ்வரியும் சிரித்தாள். உட்கார்ந்தாள். நான் அடுத்த நோட்டை எடுத்தேன்.

பெயர் சொல்ல மாட்டேன் என்று நான் சொல்லியிருந்தது எனக்கே ஞாபகம் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. மேற்கே மலை. மடியில் நோட்டுக் கட்டு. மதிப்பெண் போட்டுவிடலாம் என்று மாரீஸ்வரியின் நோட்டைத் திறந்தேன். இப்போது சிரிக்க யாரும் இல்லை. நின்று நிதானமாகப் படிக்க முடிந்தது.

விரதம் இருக்கிறவர்கள் இரவில் என்ன சாப்பிடுவார்கள்? இட்லி, தோசை, ஏதாவது பலகாரம். இவள் ஆறு நாளும் சோறும் ரசமும் சாப்பிட்டிருக்கிறாள். காலை 5.50-க்கு டீ. அதற்குப் பிறகு அடுத்த வரி இரவு 8.10. நடுவில் பதினாலு மணி இருபது நிமிடம். ஆறு நாளும்.

குழாய் ஞாபகத்துக்கு வந்தது. நிமிராத தலை.

இது விரதம் இல்லை.

கிழமை தப்பு என்று கண்டுபிடித்தேன். செய்தியை விட்டுவிட்டேன். டெஸ்க்கில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதைவிட மோசம் இன்னொன்று. தகவல் சொன்னவரின் பெயரைக் காப்பாற்று என்று எத்தனை நிருபர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்? ஒரு சின்ன ஜோக்குக்காக ஒரு பெண்ணை நாற்பது பேர் முன்னால் எழுப்பி நிறுத்திவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை மதியம் சாப்பாடு உண்டு. அதற்குப் பிறகு? வயிறு பத்தாம் வகுப்போடு பாஸாகி வெளியே போய்விடுகிறதா? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, கல்லூரிக்கு வந்துவிடலாம். வந்த பிறகு மதிய மணி அடிக்குமே... அப்போது எங்கே போவது?

பசிக்கிறது என்று சொன்னால் 'பாவம்' என்பார்கள். விரதம் என்று சொன்னால் மரியாதையாகப் பார்ப்பார்கள். வயிற்றுக்குள் இரண்டும் ஒன்றுதான். அந்தப் பெண் மரியாதையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அதைத்தான் நான் பிடுங்கினேன்.

அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். என் கணவர் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதிகம் பேச மாட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு கேரியர்ல சாப்பாடு கட்டிக் கொண்டுபோய்க் குடுத்துரவா?" என்றேன்.

"குடு. அப்படியே ஒரு போட்டோவும் எடுத்துரு" என்றார்.

அதோடு அந்த யோசனை செத்தது. துறைத் தலைவரிடம் சொல்லலாமா? சொன்னால் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். கடிதம் ஒரு ஃபைலுக்குப் போகும். ஃபைல் ஆபீஸில் எல்லார் கையிலும் போகும். நல்ல எண்ணத்தோடுதான் — ஆனால் போகும். எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்தப் பெண்ணின் பசி ஒரு செய்தியாக ஆகிவிடுகிறது. புதன்கிழமை வரட்டும், தனியாகக் கூப்பிட்டு மன்னிப்பாவது கேட்போம் என்று இருந்தேன்.

புதன்கிழமை வந்தது. மாரீஸ்வரி வரவில்லை.

குழாயில் யாரும் இல்லை. மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் காலி. வகுப்பு முடிந்ததும் அவள் பக்கத்தில் உட்காருகிற பெண்ணை நிறுத்தி வைத்தேன். பெயர் பேச்சியம்மாள். ஆலங்குளத்திலிருந்து வருகிறவள், அப்பா லாரி ஓட்டுகிறார். வகுப்பில் எல்லாரும் அவளைப் பேச்சி என்பார்கள். பெயருக்கேற்ற வாய்.

அன்று அந்த வாய் அளந்துதான் பேசியது.

"மாரீஸ்வரி ஏன் வரல?"

"திங்கள்லேர்ந்து வரல மேம்."

"உடம்பு சரியில்லையா?"

"வீட்ல வயித்து வலின்னு சொல்லிருக்கா." சுற்றுமுற்றும் பார்த்தாள். "அவ அம்மா பேண்டேஜ் கம்பெனில வேலை பாக்காக. அங்க பேக்கிங்குக்கு ஆள் எடுக்காகளாம். அதுக்குப் போயிருவேன்னு சொல்லிக்கிட்டு இருக்கா."

"படிப்பு?"

"சனிக்கிழமையே நானும் அதைத்தான் மேம் கேட்டேன். 'எல்லாரும் சிரிச்சாங்கல்ல'ன்னா."

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பேச்சி எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"தப்பு உங்க மேல மட்டும் இல்ல மேம். மொதல்ல ஆரம்பிச்சது நாந்தான்."

முதலாம் ஆண்டு தொடக்கத்தில் மாரீஸ்வரி டிபன் பாக்ஸ் கொண்டு வந்திருக்கிறாள். சோறும் ஒரு துவையலும். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பிரித்திருக்கிறார்கள். பேச்சி எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்.

"'ஏட்டி, இது ரேசன் அரிசியா'ன்னு கேட்டுட்டேன். சும்மாத்தான் மேம் கேட்டேன். எங்க வீட்லயும் அதே அரிசிதான்! ஆனா அன்னைக்கு நான் அதைச் சொல்லல. சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்... மறுநாள்லேர்ந்து அவளுக்கு விரதம்."

"ஒன்றரை வருஷமாவா?"

"ஆமா மேம்."

"உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

பேச்சி விரல் நகத்தைப் பார்த்தாள். "மொத நாலு மாசம் உண்மையிலேயே விரதம்னுதான் நெனச்சோம். செமஸ்டர் அப்ப அவட்ட போய் எங்களுக்காக வேண்டிக்கன்னு கூடச் சொல்லுவோம். பொறவு தெரிஞ்சது. தெரிஞ்ச பொறவு எப்படிக் கேக்க?"

எப்படிக் கேட்க? நியாயமான கேள்வி.

"அவ வீட்டுக்கு நான் போய்ப் பேசட்டுமா?" என்றேன். "செட்டியார்பட்டிதானே?"

பேச்சி பதறிவிட்டாள். "ஐயோ, வேண்டாம் மேம்! அவ அம்மாட்ட, 'ஸ்கூல்ல மாதிரி காலேஜ்லயும் மதியம் சாப்பாடு போடுறாங்க'ன்னு சொல்லி வச்சிருக்கா. நீங்க போனா அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிரும். அவிய காலைல ஆறு மணிக்கு வேலைக்குப் போறவக. தெரிஞ்சா தாங்க மாட்டாக."

இங்கே விரதம். அங்கே சத்துணவு. இரண்டு பக்கமும் இரண்டு பொய், நடுவில் ஒரு வயிறு. பதினெட்டு மாதம் எந்தப் பக்கமும் கசியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமைக்குச் சாமி தேடி வைக்காதது ஒன்றுதான் அவள் விட்ட பிழை.

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"நீங்க ஒண்ணும் செய்யாதீங்க மேம். செஞ்ச வரைக்கும் போதும்" என்றாள் பேச்சி. அடுத்த நொடி நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி மேம்" என்றாள்.

சாரி எதற்கு? சரியாகத்தானே சொன்னாள்.

பிறகு போனை எடுத்தாள். "அவட்டப் போன் கிடையாது. அவ அம்மா போனுதான். என்ன அனுப்புனாலும் ரெண்டு பேரும் கேப்பாக." செத்த நேரம் கூரையைப் பார்த்து யோசித்தாள். வாட்ஸப்பில் மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

"ஏட்டி மாரி, பேச்சி பேசுறேன். ஒடம்பு எப்படி இருக்கு? நல்லாருந்தா சீக்கிரம் வா. எனக்கு ஒரு நேத்திக்கடன் இருக்கு. அரியர் க்ளியர் ஆகணும்னா, விரதம் இருக்குற பொண்ணு ஒருத்திக்கு எங் கையால சோறு போட்டுட்டுத்தான் நான் சாப்பிடணுமாம். எங்கூர் சாமியாடி சொல்லிட்டாரு. எனக்குத் தெரிஞ்சு அப்பப்ப விரதம் இருக்குறவ நீ ஒருத்திதான். நீ வராம மூணு நாளா மதியம் பட்டினி கெடக்கேன். எம் பாவம் ஒன்னைச் சும்மா விடாது, பாத்துக்க. அம்மாவைக் கேட்டதாச் சொல்லு."

விரலை எடுத்தாள். மெசேஜ் போயிற்று.

"சாமியாடி நிஜமாவே சொன்னாரா?"

"எனக்கு அரியரே இல்ல மேம்" என்றாள் பேச்சி.

திரையில் இரண்டு டிக் விழுந்தது. சாம்பல் நிறம். நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீலமாகவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பேச்சிக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை டிக் நீலமாகிவிட்டது. பதில் இல்லை. கல்லூரிக்கும் வரவில்லை. கேட்டாகிவிட்டது, வரவில்லை — இதற்கு என்ன அர்த்தம்? வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். ஏற்கெனவே அவளுக்கு விளிம்பில்தான் இருக்கிறது என்று பேச்சி சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு செட்டியார்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். வீட்டுக்குப் போகிற எண்ணம் இல்லை. தெருவைக்கூட விசாரிக்கவில்லை. பின்னே எதற்குப் போனேன்? எனக்கே தெரியவில்லை. ஒரு டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. பேண்டேஜ் கம்பெனி வேன், பகல் ஷிப்டுக்கு. பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பதினோரு பேர். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன் — இரண்டு பேர் துப்பட்டாவால் மூக்குவரை மூடிக் கட்டியிருந்தார்கள். பஞ்சுத் தூசிக்காக அப்படிக் கட்டுவார்கள். அதில் ஒருத்தி ஏறும்போது திரும்பி என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது.

வேன் போய்விட்டது. டீ ஆறிவிட்டது. அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். எங்கே போனாய் என்று என் கணவர் கேட்கவில்லை. தட்டை எடுத்து வைத்தார்.

எத்தனையோ தேர்தல் முடிவுகளுக்கு டெஸ்க்கில் காத்திருந்திருக்கிறேன். எந்த ஊரில் யார் ஜெயித்தால் எனக்கென்ன என்று காத்திருப்பேன். ஒரு பெண் ஒரு பெஞ்சில் வந்து உட்காருவாளா என்பதற்காக இப்படிக் காத்திருந்ததில்லை.

அடுத்த புதன்கிழமை. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கே போய்விட்டேன். குழாயைப் பார்த்தேன். யாரும் இல்லை. புங்கை மரத்தடியில் ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான்கு முதுகு, ஒரு முகம் தெரிந்தது. அந்த முகம் பேச்சி. கையைத் தூக்கி ஆட்டினாள்.

நான்கு முதுகில் ஒன்று திரும்பியது.

மாரீஸ்வரி.

அவள் மடியில் ஒரு டிபன் பாக்ஸ். காயத்துக்குக் கட்டுகிற வெள்ளை காஸ் துணியில் முடிந்திருந்தது. அம்மாவின் கம்பெனியில் வெட்டி ஒதுக்கிய துண்டாக இருக்கும். அவள் முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை. விரல் மட்டும் முடிச்சின் மேல் இருந்தது.

"இவ சும்மா வாங்கித் திங்க மாட்டாளாம் மேம்" என்றாள் பேச்சி. "நேத்திக்கடன்னா நேத்திக்கடன், ஆனா சோறு நாந்தான் கொண்டாருவேன், நீ கொழம்பு ஊத்துன்னு மெசேஜ் போட்டா. நேத்து ராத்திரிதான் போட்டா, கிறுக்கச்சி. அதுவரைக்கும் எனக்கு உசுரே இல்ல."

முடிச்சு அவிழ்ந்தது. மூடி திறந்தது. வெள்ளைச் சோறு. வேறு எதுவும் இல்லை.

பேச்சி எட்டிப் பார்த்தாள். வேண்டுமென்றே — சத்தமாக — கேட்டாள்.

"ஏட்டி, ரேசன் அரிசியா?"

வட்டத்தில் ஒருத்தியும் அசையவில்லை. இந்தப் பெண்ணுக்குப் பைத்தியமா?

மாரீஸ்வரி அவளைப் பார்த்தாள். "ஆமா. உங்க வீட்ல?"

"எங்க வீட்லயும் அதுதான். ஆனா எங்க அம்மா வடிச்சா இப்படி வெள்ளையா வராது, வாடை வேற வரும். நீ என்னட்டி பண்ணுற?"

மாரீஸ்வரி சோற்றைப் பார்த்தாள். "நாலு தண்ணி கழுவணும். அரை மணி நேரம் ஊறப்போடணும். கொதிக்கையில ரெண்டு சொட்டு எலுமிச்சஞ்சாறு விடணும். அம்புட்டுத்தான்" என்றாள்.

"அம்புட்டுத்தானா? எங்க அம்மாட்ட இதைச் சொன்னா என்னையவே வடிக்கச் சொல்லும். நான் சொல்ல மாட்டேன்."

ஒருத்தி சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்ட சிரிப்பு இல்லை இது. டிபன் பாக்ஸ் மூடிகள் நீண்டன. மாரீஸ்வரியின் சோறு ஐந்து மூடிக்கும் போயிற்று. பேச்சியின் பருப்புக் குழம்பு. இன்னொருத்தி வீட்டு மரத்து முருங்கைக்கீரை. ஒருத்தி அவித்த முட்டை மூன்றைக் கொண்டு வந்து நூலால் பாதி பாதியாக அறுத்தாள். கடைசிப் பெண் வறுத்த கடலை. ஆளுக்கு ஒரு பொருள்தான். ஐந்து பேரும் தனித்தனியாகப் பிரித்திருந்தால் ஐந்தும் அரைகுறைச் சாப்பாடு. கேன்டீனில் இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. அதை நான் எழுத்திலேயே தருவேன்.

"அம்மாட்ட என்ன சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"காலேஜ்ல போடுற சோறு வரவர நல்லா இல்ல, நானே கொண்டு போறேன்னு சொல்லிட்டேன் மேம்."

போடாத சோற்றைக் குறை சொல்லித் தப்பித்திருக்கிறாள்!

"மாரீஸ்வரி, அன்னைக்கு வகுப்புல நான்..."

"பரவால்ல மேம்." கீரையைச் சோற்றில் பிசைந்தபடியே சொன்னாள். "புதனுக்கு யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"யாரு?"

வாயில் சோறு இருந்ததால் தாடையால் காட்டினாள். எதிரே, குழம்புக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள் அவள் தோழி.

"பேச்சியம்மன்."

பேச்சிக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்கள். தெளிந்ததும் அவள் என்னைப் பார்த்துக் கேட்டது: "சும்மா பாத்துட்டு நிக்கிறியளே மேம், நீங்க அடுத்த வாரம் என்ன கொண்டாருவீங்க?" தயிர் என்று முடிவாயிற்று.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் டெஸ்க் புத்தி விடாது. வருகைப் பதிவில் அவளுக்கு எட்டு நாள் போனது போனதுதான். பரீட்சை எழுத விடுவார்களா என்பது இன்னும் தெரியவில்லை. கம்பெனி வேன் தினமும் காலையில் அந்த ஸ்டாப்பில் நிற்கத்தான் செய்கிறது. இவள் ஒருத்தி தெரிந்துவிட்டாள். அந்த வளாகத்தில் எத்தனை பேருக்கு இன்று விரதம்? நான் இப்போதெல்லாம் குழாய்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.

வகுப்புக்கு அதே பயிற்சியை இன்னொரு முறை கொடுத்தேன். ஒரு வாரச் சாப்பாடு. என்ன, எப்போது, எங்கே, யாரோடு. இந்த முறை வாசிக்க மாட்டேன் என்றேன். யாருக்கு விருப்பமோ கொடுக்கலாம்.

நேற்று, புதன்கிழமை, தயிர்ப் பாத்திரத்தோடு போனேன். மாரீஸ்வரி தன் நோட்டைக் கொடுத்தாள். வீட்டில் வந்துதான் திறந்தேன்.

மதியத்துக்கான கட்டத்தில் ஆறு நாளுக்கும் முன்கூட்டியே 'விரதம்' என்று எழுதி வைத்திருந்திருக்கிறாள். பழக்கம். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், சனி — ஐந்து நாளில் அதைப் பேனாவால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சாப்பிட்டதை எழுதியிருந்தாள். எல்லாவற்றிலும் 12.40, மரத்தடி, ஐந்து பேர்.

வெள்ளிக்கிழமை அடிக்கப்படவில்லை. அது நிஜமாகவே அம்மனுக்கா, இல்லை பழைய விரதம்தானா — இந்த முறை வகுப்பில் கேட்க மாட்டேன்.